நிறைந்த தொட்டியின் முன்னே பட்டினி



பிள்ளைகளின் தேர்வுக் காலத்தைக் குறித்து இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்க நேர்ந்துவிட்டது. காரணம் ஒரு பசு. பங்குச் சாமியார் மாட்டைப் பற்றி எழுதுவதா என்று நகரத்து வாசகர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் ஒருமுறை செஞ்சிக்கு வந்து, சுற்றியுள்ள சிற்றூர்களில் விடியற்காலை 5 மணிக்குப் பால் சங்கத்தின் வாசலில் நின்று பார்க்கட்டும். தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்கள் அனேகமாகப் பெண்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் மருந்து, சுய உதவிக் குழுவின் மாதத் தவணை யாவும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் வருகின்றன. பசு நொந்தால் அவ்வீட்டில் அடுப்பு நொந்துவிடும்.

நடந்ததைச் சொல்கிறேன். கோட்டைக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி, மாமியார், மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஆகிய மூவரும் கடன் வாங்கிய ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவை நம்பி வாழ்கிறார்கள். பெயர் செவலை. மூன்றாம் ஈற்று. கன்று ஈன்ற பத்தாம் நாளே இரு வேளையும் சேர்த்து 14 லிட்டர் கறந்தது. மூன்றாவது வாரத்தில் இன்னொரு நற்செய்தியும் வந்தது. பால் சங்கத்தில் கொழுப்புச் சோதனை செய்பவர், "என்னம்மா, உன் பாலில் கொழுப்பு ஏறிக்கொண்டே போகிறதே!" என்றாராம். கொழுப்பு ஏறினால் லிட்டருக்கு விலையும் ஏறும் அல்லவா? அவர்கள் கோவிலுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாட்டியம்மாள் என்னிடம் வந்து நின்றார். "சாமி, மாடு பிண்ணாக்கைத் தொட மாட்டேங்குது. வைக்கோலை மட்டும் கடிக்குது. பாலும் பாதியாப் போச்சு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சுட்டுப் போங்க."

போனேன். தீர்த்தம் தெளித்தேன், செபித்தேன். அத்தோடு நின்றிருந்தால் என் மேல் குற்றமில்லை. நானும் மாட்டுக் கொட்டகை உள்ள வீட்டில் பிறந்தவன் அல்லவா? கன்று ஈன்ற மாட்டுக்கு என் தாயார் வெல்லம் கரைத்து ஊற்றியது நினைவுக்கு வந்தது. "ஒன்றும் பயமில்லை அம்மா, களைப்புத்தான். ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்துக் கொடுங்கள், சரியாகிவிடும்" என்று வைத்தியம் சொல்லிவிட்டு வந்தேன். சாமியார் சொன்ன வார்த்தையாயிற்றே! அண்டை வீட்டார் இருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, மூங்கில் குழாயில் வெல்லக் கரைசலை இரண்டு நாள் ஊற்றினார்கள். மாடு இருமியது. சாணம் முதலில் உருண்டையாய் இறுகிக் கிடந்தது, பிறகு கழிச்சலாயிற்று. மூன்றாம் நாள் செவலை சுவரையும் கட்டுத்தறியையும் ஓயாமல் நக்கத் தொடங்கியது. வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றது, எச்சில் ஒழுகியது, நடையும் தள்ளாடியது. "வெறிநாய் கடித்திருக்கிறது, கிட்டே போகாதீர்கள்" என்று தெருவே கூடிவிட்டது. நல்ல வேளையாக அந்த மகள், 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைத்தாள்.

வந்த மருத்துவர் வயதில் இளையவர், பெண்மணி. மாட்டின் மூச்சை முகர்ந்தார். நானும் முகர்ந்து பார்த்தேன். அளவுக்கு மிஞ்சிப் பழுத்த பழத்தின் நெடியும், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடியும் கலந்தாற்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டியம்மாளுக்கோ ஒன்றும் தெரியவில்லை. இந்த வாசனை எல்லோருடைய மூக்குக்கும் எட்டுவதில்லையாம். பிறகு அவர் ஒரு வெள்ளைப் பொடியை எடுத்து, அதன் மேல் சில துளிப் பாலை விட்டார். சற்று நேரத்தில் அந்தப் பொடி கத்தரிப்பூ நிறமாக மாறியது. "வெறிநோய் இல்லை, கண்ணேறும் இல்லை. இது கீட்டோசிஸ். மாடு பட்டினி கிடக்கிறது" என்றார்.

பட்டினியா? தொட்டி நிறையத் தீவனம் இருக்கிறதே! எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை உண்டு. பாற்சர்க்கரை என்று சொல்வோம். அதை மடி தயாரிப்பதற்கு இரத்தத்திலுள்ள குளுகோஸ் வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் குளுகோஸ் செலவாகிறது என்பது கணக்கு. ஆகவே 14 லிட்டர் கறக்கும் செவலையின் மடி நாள்தோறும் ஏறக்குறைய ஒரு கிலோ குளுகோசை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. நாம் சோறு உண்டால் அதன் மாவுச்சத்து குளுகோசாகி நேரே இரத்தத்தில் கலந்துவிடும். பசுவின் நிலை வேறு. அதன் பெருவயிற்றில் கோடானு கோடி நுண்ணுயிர்கள் உள்ளன. புல்லையும் பிண்ணாக்கையும் ஏன், நான் கொடுக்கச் சொன்ன வெல்லத்தையும் அவையே முதலில் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவ்வமிலங்களில் ஒரு வகையிலிருந்து கல்லீரல்தான் பாடுபட்டுக் குளுகோசைத் தயாரிக்க வேண்டும். பசு சர்க்கரையை உண்டு சர்க்கரை பெறும் பிராணி அன்று. தன் கல்லீரலில் சமைத்துக்கொள்ளும் பிராணி.

இனி, கன்று ஈன்ற பின் நடப்பதைக் கவனியுங்கள். பால் வேகமாக ஏறி ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைகிறது. மாட்டின் பசியோ அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. அது உச்சத்தை எட்டப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். வரவு குறைவு, செலவு அதிகம். இடைப்பட்ட நாட்களில் பசு தன் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துப் பற்றாக்குறையை ஈடு செய்கிறது. எல்லாக் கறவை மாடுகளும் ஓரளவு இதைச் செய்யும். அதில் தவறில்லை.

செஞ்சிக் கோட்டைக்கு வந்தவர்கள் இராஜகிரியின் அடிவாரத்தில் தடித்த சுவர்களோடு நிற்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690ஆம் ஆண்டு முதல் 1698ஆம் ஆண்டு வரை முகலாயப் படைகள் இக்கோட்டையை முற்றுகையிட்டன. உள்ளே மராட்டிய மன்னர் இராஜாராம் இருந்தார். அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் மதிலும் பீரங்கியும் மட்டும் போதா. தானியமும் தண்ணீரும் வேண்டும். பசுவின் கொழுப்பும் அத்தகைய களஞ்சியம்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. களஞ்சியத்து நெல்லை அப்படியே குத்திப் பொங்கலாம். உடம்புக் கொழுப்பை முழுமையாக எரிப்பதற்குக் கல்லீரலில் சிறிது குளுகோஸ் வழிவந்த சத்து இருந்தாக வேண்டும். அதைத்தான் மடி வாரிக்கொண்டு போய்விட்டதே! எனவே கொழுப்பு அரைகுறையாக எரிகிறது. ஈர விறகு அடுப்பில் புகை எழும்புவதுபோல, அரைகுறையாக எரிந்த கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. மூச்சில் வீசும் நெடி அவற்றுள் ஒன்றான அசிட்டோனின் நெடி. கீட்டோன் பெருகினால் பசி மேலும் குன்றும். பசி குன்றினால் கொழுப்பு மேலும் கரையும். இந்தச் சுழலில் மாடு சிக்கிக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிகளுள் சிலருக்கு நோய் முற்றிய நிலையில் இதே பொருள்கள்தாம் இரத்தத்தில் பெருகி ஆபத்தை விளைவிக்கின்றன என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள்.

சங்கத்தில் கொழுப்பு ஏறிய மர்மமும் இப்போது துலங்கும். கரைந்த உடம்புக் கொழுப்பில் ஒரு பகுதி இரத்தத்தின் வழியே மடியை அடைந்து பாலோடு கலந்துவிடுகிறது. தீவனத்தால் வந்த கொழுப்பு அன்று அது. செவலையின் முதுகிலும் இடுப்பிலும் இருந்த சதை. அதை நாம் லிட்டர் கணக்கில் விற்று மெழுகுதிரியும் ஏற்றிவிட்டோம். கன்று ஈன்ற முதல் ஆறு வாரத்தில் பாலின் அளவு குறைந்து கொழுப்பு மட்டும் ஏறுமானால், விலைச் சீட்டைப் பார்த்து மகிழ்வதற்கு முன் மாட்டின் விலாவைப் போய்ப் பாருங்கள்.

நம் பாட்டனார் காலத்தில் இந்நோயைப் பற்றி யாரும் பேசியதில்லையே என்று கேட்பீர்கள். இந்தக் கோட்டையின் தொடக்கத்தையே ஆயர்களோடு சேர்த்துத்தான் பழைய வரலாறு கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்ற ஆயர் தலைவர் முதலில் மலையை அரண் செய்தார் என்பதும், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி அமைந்தது என்பதும் மரபு. அந்த ஆயர்கள் மேய்த்த நாட்டு மாடுகள் தம் கன்றுக்குப் போக இரண்டு மூன்று லிட்டர் கறந்திருந்தால் அதிகம். அந்த அளவுக்கு உடம்பைக் கரைக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. 1960களுக்குப் பிறகு ஜெர்சி முதலிய அயல்நாட்டுக் காளைகளின் விந்தைக் கொண்டு நம் மாடுகள் கலப்பினமாயின. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி கிராமந்தோறும் பால் சங்கங்களைக் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பங்கள் அதனால் பெற்ற நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மடியை மாற்றினோமே தவிர, தொட்டியை மாற்றவில்லை. 14 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாட்டு மாட்டின் சாப்பாட்டையே இன்றும் போட்டுவருகிறோம்.

நிற்க. நோயை எப்படி அறிவது? கன்று ஈன்றதிலிருந்து முதல் ஆறு வாரம், அதிலும் இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரம் வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய காலம். முதல் அடையாளம் பாட்டியம்மாள் சொன்னதுதான்: மாடு பிண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனம் ஆகியவற்றை வெறுக்கும், வைக்கோலை மட்டும் கொறிக்கும். காய்ச்சல் அனேகமாக இராது. பால் குறையும். சாணம் இறுகும். ஒரே வாரத்தில் விலா எலும்புகள் எண்ணத்தக்கதாய்த் தெரியத் தொடங்கும். நக்குதல், வெறுவாய் மெல்லுதல், வட்டமிடுதல், தலையைச் சுவரில் அழுத்துதல், கதறுதல் ஆகியவை சில மாடுகளுக்கு மட்டும் உண்டாகும். அவை வெறிநோயிலும் காணப்படலாம். ஆகையால் மருத்துவர் பார்த்து உறுதி சொல்லும் வரை மாட்டின் வாயில் கையை விடாதீர்கள்.

இதனோடு பால் காய்ச்சலைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் வருவது; மாடு எழுந்திருக்க மாட்டாமல் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும்; காதுகள் சில்லிட்டிருக்கும். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது, அதற்கு மருந்து வேறு. சுண்ணாம்புச் சத்து ஊசியை இரத்தக் குழாயில் வேகமாய்ச் செலுத்தினால் இதயமே நின்றுவிடக்கூடும். அந்த ஊசியை அனுபவசாலி என்று சொல்லிக்கொள்பவரிடம் விட வேண்டாம்.

மருத்துவர் செய்த நிறச் சோதனைக்கு ரோத்தரா சோதனை என்று பெயர். 1908ஆம் ஆண்டு ரோத்தரா என்ற உயிர்வேதியியலார் வெளியிட்ட முறை அது. நூறாண்டு கடந்தும் கொட்டகை வாசலில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனையாக நிலைத்திருக்கிறது. இப்போது ஒரு துளி இரத்தத்தில் கீட்டோனை அளந்து சொல்லும் சிறு கருவியும் வந்துவிட்டது. அக்கருவியில் 1.2 என்ற அளவைத் தாண்டினாலே மறைமுக நோய் என்று கொள்கிறார்கள். மறைமுகம் என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. பால் ஓரிரு லிட்டர் குறையும், மாடு சினை பிடிக்கத் தாமதமாகும், அவ்வளவே. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால்தான் நட்டம் தெரியும். நன்றாகக் கறக்கும் மாடு வைத்திருப்போர் கன்று ஈன்ற முதல் வாரத்தில் ஒருமுறையும் இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும் மருத்துவரிடம் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

செவலைக்கு அன்று செய்த சிகிச்சையைச் சொல்கிறேன். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 500 மில்லியை மருத்துவர் கழுத்து இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினார். அரை மணி நேரத்தில் மாட்டின் கண்ணில் தெளிவு வந்தது. கூடியிருந்தவர்கள் புதுமை என்றார்கள். மருத்துவர் மட்டும் சிரித்தார். "இது சில மணி நேரத்துக்குத்தான் நிற்கும். மடி இதையும் இழுத்துக்கொள்ளும். நாளையிலிருந்து நீங்கள் கொடுக்கப்போவதுதான் மருந்து" என்று சொல்லிப் புரோப்பிலின் கிளைக்கால் என்னும் திரவத்தை நாள்தோறும் 300 மில்லி வீதம் ஐந்து நாள் கொடுக்கச் சொன்னார். 1950களிலிருந்து உலகெங்கும் பயன்படும் மருந்து இது. பெருவயிற்றின் நுண்ணுயிர்களுக்கு முழுவதும் இரையாகாமல் கல்லீரலை அடைந்து அங்கே குளுகோசாக மாறுகிறது. வெல்லத்தால் இயலாதது இதனால் இயல்கிறது. வெல்லத்தைத் தீவனத்தில் ஒரு கைப்பிடி தூவி ருசி காட்டலாம். பசியற்ற மாட்டின் வயிற்றில் கிலோக் கணக்கில் கரைத்து ஊற்றினாலோ பெருவயிறு புளித்து, உள்ள நோயோடு இன்னொரு நோயும் சேரும். செவலையின் கழிச்சலுக்கு என் வைத்தியமே காரணம் என்று மருத்துவர் நாகரிகமாகச் சொன்னார். யார் சொல்லி ஊற்றினீர்கள் என்று அவர் கேட்டபோது அந்த வீட்டார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே ஒப்புக்கொண்டேன்.

திரவ மருந்து ஊற்றுவதில் எச்சரிக்கை தேவை. தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய் மாடு மாண்டுபோகக்கூடும். முகவாய் முதுகு மட்டத்துக்கு மேல் உயரலாகாது. நாக்கு அசைய இடம் விட வேண்டும். கடைவாய் ஓரத்தில் சிறிது சிறிதாக விட வேண்டும். இருமினால் உடனே தலையை இறக்கிவிட வேண்டும். மற்றொன்று: வண்டிகளின் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் திரவத்தில் எத்திலின் கிளைக்கால் என்ற பொருள் உண்டு. பெயர் ஒத்திருக்கிறதே என்று மயங்கிவிடக் கூடாது. அது நஞ்சு. மருந்தைக் கால்நடை மருந்துக் கடையிலன்றி வேறெங்கும் வாங்காதீர்கள்.

சில மாடுகளுக்கு ஸ்டீராய்டு ஊசியும் வைட்டமின் ஊசியும் போடுவதுண்டு. கர்ப்பப்பையில் புண்ணோ மடிநோயோ இருக்கும்போது ஸ்டீராய்டு கேடு செய்யலாம். அன்றியும், நஞ்சுக்கொடி தங்குதல், மடிநோய், குளம்பு வலி, தீவனத்தோடு விழுங்கிய ஆணி, வயிறு இடம் பெயர்தல் ஆகிய வேறு காரணங்களால் மாடு தின்னாமல் கிடந்து, அதன் விளைவாகவே கீட்டோசிஸ் வருவதும் உண்டு. மூல நோயைக் கண்டுபிடிக்காமல் குளுகோசை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் பயனில்லை. ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கலாகாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். அந்தப் பால் ஏதோ ஒரு குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிகிச்சை முடிந்து மருத்துவர் கை கழுவும்போது, "பால் வற்றிய காலத்தில் இதற்கு என்ன போட்டீர்கள்?" என்று கேட்டார். குடும்பத் தலைவி தலை குனிந்தார். பாட்டியம்மாள்தான் பதில் சொன்னார்: "கறக்காத மாட்டுக்குப் பிண்ணாக்கு ஏது டாக்டரம்மா? வைக்கோலும் கழுநீரும்தான்."

இந்தப் பதில் நம் ஊர்களில் எந்த வீட்டிலும் கிடைக்கும். கறக்கும் வரை உபசாரம். கறவை நின்றதும் தெரு மேய்ச்சல். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பால் பணம் நின்றுபோன இரண்டு மாதத்தில் பிண்ணாக்கு வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? அந்த இரண்டு மாதமும் தவணை நிற்பதில்லையே! ஆனால் நோய் விதைக்கப்படுவது அந்த இரண்டு மாதத்தில்தான். வயிற்றில் கன்று வேகமாக வளர்வதும், அடுத்த கறவைக்கு மடி ஆயத்தமாவதும் அப்போதுதான். வெறும் நெல் வைக்கோல் வயிற்றை நிரப்புமே ஒழியச் சத்து மிகக் குறைவு. பிறகு கன்று ஈன்றவுடன் திடீரென்று நான்கு கிலோ தீவனத்தைக் கொட்டினால் வைக்கோலுக்குப் பழகிய பெருவயிறு அதை ஏற்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது யாதெனில், கன்று ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பே பாலை வற்றவிட வேண்டும். அக்காலத்தில் பசுந்தீவனத்தோடு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கலப்புத் தீவனமாவது கொடுக்க வேண்டும். கடைசி மூன்று வாரங்களில், ஈன்ற பிறகு எந்தத் தீவனத்தைப் போடப்போகிறோமோ அதையே போட்டுப் பழக்க வேண்டும். ஈன்ற பின் கலப்புத் தீவனத்தை ஒரேயடியாக ஏற்றாமல் சில நாட்களுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உடம்புக்கென்று ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது வழக்கமான கணக்கு. அதை இரண்டு வேளையில் அடைக்காமல் மூன்று நான்கு வேளையாய்ப் பிரித்துப் போடுங்கள். தாது உப்புக் கலவையை மறவாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு வசதியுள்ள வீட்டார் சினை மாட்டைக் கொழுக்கவைத்துவிடக் கூடாது. செஞ்சி நகரில் அப்படி ஒரு மாட்டையும் பார்த்திருக்கிறேன். வால் அடியில் கொழுப்பு திரண்டு, முதுகெலும்பே தெரியாமல் மெத்தைபோல் இருந்தது. கொழுத்த மாடு ஈன்ற பின் மெலிந்த மாட்டைவிடக் குறைவாகத் தின்னும். சேர்த்த கொழுப்பு முழுவதும் ஒரே வேகத்தில் கரைந்து கல்லீரலில் போய்ப் படியும். ஈனும் வேளையில் மாடு நடுத்தரமாய் இருப்பதே சிறப்பு: விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தாமல், கையால் அழுத்தினால் தட்டுப்பட வேண்டும்.

தீவனத்துக்குச் செலவு அதிகமாகுமே என்பீர்கள். நம் பகுதி மல்லாட்டை விளையும் மண். அறுவடைக்குப் பின் வேலியோரம் காய்ந்து வீணாகும் மல்லாட்டைக் கொடி, நெல் வைக்கோலைக் காட்டிலும் எவ்வளவோ மேலான தீவனம். மழை படாமல் உலர்த்திப் போர் போட்டுவைத்தால் பால் வற்றிய காலத்துக்கு உதவும். பூஞ்சணம் பிடித்த கொடியையும் பிண்ணாக்கையும் மட்டும் மாட்டுக்குக் காட்டாதீர்கள். அதிலுள்ள நஞ்சு கல்லீரலைத் தாக்கும், பாலிலும் இறங்கும். கழிவுநீர் பாயும் பத்தடி இடத்தில் கம்பு நேப்பியர் கரணை நட்டால் ஆண்டு முழுவதும் அறுக்கலாம். வரப்போரம் அகத்தி, சவுண்டல் வளர்க்கலாம். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டைக்குள் ஆனைக்குளமும் செட்டிக்குளமும் வெட்டிய முன்னோரின் ஊரிலே, மாட்டுக்கு இரண்டு வேளை மட்டும் வாளியில் தண்ணீர் காட்டும் வழக்கம் இருப்பது எனக்கு விளங்காத புதிர். ஒரு லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் மாட்டுக்கு வேண்டும். சித்திரை வைகாசியில் நம் மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. அந்த வெக்கையில் மாடு தீவனத்தை வெறுக்கும். அம்மாதங்களில் ஈன்ற மாட்டுக்குப் பெருந்தீனியை இரவிலும் விடியற்காலையிலும் போட்டு, பகலில் நிழலும் நீரும் கொடுங்கள்.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பிறகு வெளியூர்க் கார்கள் அந்தக் கிராமத்துச் சாலையிலும் அடிக்கடி போகின்றன. மலையைப் படம் எடுப்பவர்கள் அந்த ஓட்டு வீட்டின் முன்னே வண்டியை நிறுத்துகிறார்கள். செவலை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த ஈற்றில் 14 லிட்டர் திரும்பவில்லை. ஒன்பது லிட்டரோடு நின்றுவிட்டது. சினை பிடிக்கவும் ஐந்து மாதம் தாமதமாயிற்று. தவணையை நீட்டித் தரும்படி குழுவிடம் கேட்க வேண்டியதாயிற்று. என் வெல்லத்துக்கும் அதில் பங்குண்டு என்பதால், தீவனப் புல் கரணையை நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டியம்மாள் அதைக் கிணற்றடியில் நட்டிருக்கிறார்.

இப்போது செவலைக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. சென்ற வாரம் பாலை வற்றவிட்டார்கள். பால் பணம் நிற்கும் இந்த இரண்டு மாதத்துக்கென்று கறவைக் காலத்திலேயே வாரந்தோறும் ஒரு தொகையை எடுத்துப் பால் சங்கத்திலேயே தீவன மூட்டைக்காகக் கட்டிவைத்திருந்தார்கள். மூன்று மூட்டை வந்து திண்ணையில் அடுக்கியிருக்கிறது. நான் போயிருந்தபோது மகள் சுவரிலிருந்த நாட்காட்டியைக் காட்டினாள். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் எத்தனை படி போட்டோம், மீதம் வைத்ததா என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள். கன்று ஈனுவதாக எதிர்பார்க்கும் நாளுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். அதிலிருந்து ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் "பால் சோதனை, 1962" என்று குறித்திருக்கிறாள்.